வளைவுக்கு மேலே இருந்த கற்கள்

பிப்ரவரி 11

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. ஆமாம், நானேதான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எழுத வைக்கவில்லை. முழங்கால் இரண்டும் வழக்கம்போல் என்னிடம் முறைத்துக்கொண்டிருக்கின்றன, மற்றபடி சுகம். நீயும் என் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆறிய டீயும் டீதான்.

நூலகத்தின் பின்னறையில் மாலை வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அதனால் பாதியில் ஓடிப்போகவும் முடியாது. டீச்சருக்கு உன்னைவிடக் கொஞ்சம் வயது அதிகம். "ஐயா, பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது" என்பார். ஆயுசு முழுக்க ரோடு போட்ட கை, வேறு எப்படிப் பிடிக்கும்? எழுத்து வந்த பிறகு ஊரே வாயாடி ஆகிவிட்டது. கடைப் பலகை பேசுகிறது, பஸ் பேசுகிறது, சுவர் பேசுகிறது. டாக்டர் சீட்டு மட்டும் பேசவில்லை. டீச்சரிடம் நீட்டினேன். "அது எனக்கும் பேசாது ஐயா" என்றார். மருந்துக்கடையில் வேலை செய்யும் உன்னிடம்தான் அது பேசும்.

இப்போது ஒரு ரகசியம். போன விடுமுறையில் மலைப்பாதையில் சைக்கிளோடு விழுந்து முட்டியில் தையல் போட்டுக்கொண்டாயே, அந்தக் கல் வரிசை, சைக்கிள்காரர்கள் பல்வரிசை என்று சொல்வார்களே, அது இப்போது இல்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "யாராவது அந்தக் கல்லை எல்லாம் பிடுங்கிப் போட்டா புண்ணியமாப் போகும் மாமா" என்றாய் அல்லவா? பிடுங்கிவிட்டேன். விடிந்ததும் போவேன், சைக்கிள்காரர்கள் வருவதற்குள் திரும்பிவிடுவேன். கல்லைப் பெயர்த்த பள்ளத்தில் ஜல்லியும் மண்ணும் கொட்டித் திமிசால் இடித்து இறுக்கினேன். அடுத்த தடவை நீ கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம்.

வன அலுவலகத்துக்குத் தெரியாது. அவனிடமும் சொல்லாதே. போனில் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டு வைத்துவிடுகிறவன், இதற்கு மட்டும் மணிக்கணக்கில் பேசுவான். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் யாரும் போனை வைக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த உன் மாமா


மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால்களை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்தேன். பிரித்துவிட்டுக் கடையிலேயே அழுதுவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் பயந்துபோய், "நாளைக்கு வரேம்மா" என்று போய்விட்டார். இவர் வந்ததும் படித்துக் காட்டினேன். மலைப்பாதைப் பகுதியை விட்டுவிட்டுத்தான் படித்தேன், கவலைப்படாதீர்கள். "எங்கப்பாவா எழுதினாரு? நிஜமா அவரேவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் கடிதத்தின் முதல் பக்கம் மட்டும் இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

எனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள். ரொம்ப நல்ல காரியம் மாமா.

ஒரு சின்ன சந்தேகம். நான் விழுந்த மேட்டில் இருந்த கற்களை மட்டும்தானே எடுத்தீர்கள்? அதற்குக் கீழே, வளைவுக்குச் சற்று மேலே, பாறை ஓரமாகக் கிடந்தவற்றையும் எடுத்துவிட்டீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

வெயிலில் நிற்காதீர்கள்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 19

அன்பு மருமகளுக்கு,

நலம். உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு சொல்லுக்குக்கூட யாரையும் கேட்கவில்லை. சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

மேட்டில் மட்டுமா என்று கேட்கிறாயே, பாதி வேலை செய்கிறவனா உன் மாமா? வளைவு வரைக்கும் சுத்தம். பாறை ஓரத்துக் கற்கள்தான் சண்டித்தனம் செய்தன. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். அவற்றையும் உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன். நாங்கள் ரோடு போடும்போது மேஸ்திரி சொல்வார்: "வண்டிக்காரனுக்குக் கீழே ரோடு இருக்கிறதே தெரியக் கூடாது, அதான்டா ரோடு." இந்தப் பாதை இப்போது அப்படித்தான்.

மலையடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே, பெடல் என்று ஊரே கூப்பிடுமே, உன் சைக்கிளைக்கூடச் சரிசெய்து தந்தாரே, அவர் டீக்கடையில் சொல்கிறார்: "யாருன்னு தெரியலை, வழிச்செடுத்த மாதிரி பண்ணிட்டாங்க. மேல காலை எடுத்தா கீழ வந்துதான் மூச்சே விடுறேன்." நான் டீயைக் குடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்குவது கல்லைப் பெயர்ப்பதைவிடக் கஷ்டம்.

நடப்பவர்களுக்கும் அதே பாதைதானே. டீச்சரும் காலையில் அதில்தான் நடக்கிறார். "இப்பல்லாம் கால் இடறுறதே இல்ல ஐயா" என்றார். அவரிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது.

உடனே பதில் போடு. தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறேன், அவர் வெட்கப்படுகிறார்.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? தாமதத்துக்கு மன்னியுங்கள். கடையில் இருப்புக் கணக்கு எடுத்தார்கள். பிறகு இவருக்குக் காய்ச்சல். பிறகு எனக்கு. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.

சீட்டில் இருப்பது முழங்கால் மாத்திரைதான். சாப்பிட்ட பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பியானோ வாங்கியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது. ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் டீச்சரிடம் நடக்கும்போது ஓரமாகவே நடக்கச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த வளைவில். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

வேறு விசேஷம் இல்லை. இவர் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
மருமகள்


மே 6

அன்பு மருமகளுக்கு,

சுகம். உங்கள் காய்ச்சல் விட்டதா?

இங்கே ஒரு விபத்து. வளைவில் பெடலின் சைக்கிள் டீச்சர் மேல் மோதிவிட்டது. டீச்சருக்கு இடுப்பு எலும்பு விரிசல் விட்டுவிட்டது, வலது மணிக்கட்டும் முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். பெடலுக்குத் தோளில் அடி. வகுப்பு மூடியிருக்கிறது.

உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்.

இப்படிக்கு,
மாமா


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. டீச்சர் எப்படி இருக்கிறார்? போய்ப் பார்த்தீர்களா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பெடல் என்ன சொல்கிறார்? பாதையைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டார்களா?

நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம். போனில் இதைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. இவர் பக்கத்திலேயே இருப்பார்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 15

அன்பு மருமகளுக்கு,

உடம்பு இருக்கிறது. தூக்கம்தான் வருவதில்லை. நீங்கள் இருவரும் நலமா?

எழுதக் கூடாது என்றில்லை. பென்சிலை எடுப்பேன், சீவுவேன், வைத்துவிடுவேன்.

பெடல் வன அலுவலகத்தில் உண்மையைத்தான் சொன்னார். "பழைய மாதிரி கல் இருந்திருந்தா நான் அந்த வேகத்துல வந்திருக்கவே மாட்டேன். யாரோ எடுத்துட்டாங்க" என்றாராம். அதிகாரி சிரித்தாராம். "வேகமாப் போகணும்னு நீங்களே எடுத்திருப்பீங்க. யாரோ எடுத்தாங்களாம், பேயா வந்து எடுத்துச்சு?" என்றாராம். ஊரும் அதையே சொல்கிறது. கடையில் கூட்டம் இல்லை. கடை இருப்பது வனத்துறை இடம், அந்த அனுமதியை இம்மாதக் கடைசியில் ரத்து செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. நானும் எழுந்து வந்திருக்கிறேன், மருமகளே. அவர் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. ஊர் ஒரு காரணத்துக்காக எழுந்தது, நான் வேறு காரணத்துக்காக எழுந்தேன். அவருக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார், கையில் மாவுக்கட்டு.

"ஐயா, புகார் எழுதணும். என் கைதான் இப்படிக் கெடக்குதே. என் வகுப்புலயே உங்க கையெழுத்துதான் தெளிவு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றார்.

எவ்வளவு நாள் இப்படி ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருப்பேன்! வகுப்பிலேயே தெளிவான கையெழுத்து!

அவர் சொன்னார், நான் எழுதினேன். சைக்கிள் கட்டுப்பாடில்லாத வேகத்தில் வந்தது. எழுதினேன். பாதையில் இருந்த கற்களை அந்த நபரும் அவருடைய கூட்டாளிகளும்தான் அகற்றியிருக்க வேண்டும். கை நின்றது. "என்ன ஐயா, வேகமாச் சொல்லிட்டேனா?" என்றார். "இல்ல டீச்சர்" என்றேன். எழுதினேன். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இடது கைப் பெருவிரலை வைத்தார். நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் என்பார்கள். சங்கு ஊதியவன் நான், அடி வாங்குகிறவர் அவர்.

ஒன்று கேட்க வேண்டும். மார்ச் மாதமே நீ கேட்டாய், வளைவுக்கு மேலே இருந்தவற்றையுமா எடுத்தீர்கள் என்று. பிறகு டீச்சரை ஓரமாக நடக்கச் சொல்லச் சொன்னாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஏன் கேட்டாய்?

இப்படிக்கு,
மாமா


ஜூன் 22

மாமா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

எனக்குத் தெரியும். உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே தெரியும். அந்தக் கற்கள் எங்களுக்குத் தொல்லை மாதிரி இருக்கும், ஆனால் அவைதான் எங்கள் பிரேக். வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்பதைப் பாறை மறைத்துவிடும். கற்களில் தட்டுத் தடுமாறி இறங்குகிறவன் யார் எதிரே வந்தாலும் நின்றுவிடலாம். அந்தப் பாதையைப் போட்டவர்கள் வேண்டுமென்றே விட்டுவைத்த கற்கள் அவை. பெடல்தான் எனக்குச் சொல்லித் தந்தார். நான் விழுந்தது என் அவசரத்தால். சோபாவில் சொன்னது வலியில்.

ஆனாலும் நல்ல காரியம் என்று எழுதினேன். உங்கள் வாழ்நாளில் நீங்கள் எழுதிய முதல் கடிதம் மாமா அது. ஒவ்வொரு எழுத்தும் கல் வைத்துக் கட்டிய மாதிரி நேராக நின்றது. அதற்குப் பதிலாக "நீங்கள் செய்தது தப்பு" என்று எப்படி எழுதுவது? வளைவுக் கற்கள் மட்டும் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவையும் போயின என்று நீங்கள் எழுதியதும் பெடலுக்குப் போன் போடலாம் என்றிருந்தேன். போட்டால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இருப்புக் கணக்கு இரண்டே நாள்தான் மாமா. காய்ச்சலும் அவ்வளவு பெரிதில்லை.

நீங்கள் பேசாமல் இருங்கள். நான் அலுவலகத்துக்கு எழுதுகிறேன். நான் கேட்டதால்தான் எடுத்தீர்கள், பொறுப்பு என்னுடையது என்று எழுதிவிடுகிறேன். இவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிரிட்ஜ் முன்னால் நின்று உங்கள் கடிதத்தை மறுபடி படித்தார்.

மருமகள்


ஜூன் 29

அன்பு மருமகளுக்கு,

நீ எதுவும் எழுதாதே. வலியில் ஒருத்தி சொன்னதைக் கேட்டுக் கடப்பாரையைத் தூக்கியது நான். தூக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் உனக்குப் பங்கில்லை.

மூன்று நாளைக்கு முன் டீச்சரிடம் போனேன். சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்தக் கல்லை எடுத்தது நான்தான்."

"எந்தக் கல்லு?"

"பாதையில இருந்த கல்லு. எல்லாத்தையும்."

கட்டிலில் உட்கார்ந்தார். மேலே பார்க்கவே இல்லை.

"அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல எழுதுனீங்களே ஐயா. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுனீங்க. நீங்க போனதுக்கு அப்புறம் வந்தவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொன்னேன். பொய்யையும் அழகா எழுத நான்தான் சொல்லிக்குடுத்திருக்கேன் போல."

அடித்திருந்தால் தேவலை. மாற்றிச் சொல்லுங்கள், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எதுக்குச் சொல்லணும்? என் வாயால சொன்னாத்தான் எழுதுவீங்களா? நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே."

வீட்டுக்கு வந்து எழுதினேன். என்ன செய்தேன், எப்போது செய்தேன், புகாரில் இருக்கும் கல் விஷயம் பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும் என்பது வரை. மறுநாள் காலையில் அலுவலகத்தில் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "இதை யார் பெரியவரே உங்களுக்கு எழுதிக் குடுத்தது?" என்றார்.

"நானே" என்றேன். முன்பெல்லாம் இதைச் சொல்ல எவ்வளவு ஆசைப்படுவேன்!

பெடலின் கடைக்கு ஆபத்தில்லை. எனக்கு இனி மலையில் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. மழைக்காலத்துக்கு முன் கற்களைத் திரும்ப வைக்கிற பொறுப்பைச் சைக்கிள்காரர்களிடமே கொடுத்திருக்கிறார்கள். பெடலிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். டயர் மாட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வேலை முடிந்து வருவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று. மார்ச் மாதமே நீ தப்பு என்று எழுதியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். அழுதுவிட்டு, மறுநாள் விடிந்ததும் போய்க் கல்லைத் திரும்ப வைத்திருப்பேன்.

நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

இப்படிக்கு,
மாமா


ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடைசி வரிகளுக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது சரி, அவ்வளவுதான்.

டீச்சருக்கும் பெடலுக்கும் தனித்தனியாக எழுதினேன். டீச்சர் இடது கையால் இரண்டு வரி பதில் போட்டிருக்கிறார். படிக்கவே முடியவில்லை, ஆனால் படித்துவிட்டேன். "உங்கள் மாமாவுக்கு நீங்கள் செய்தது மரியாதை இல்லை. அவர் குழந்தை இல்லை." பெடல் பதில் போடவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

மருமகள்


ஆகஸ்ட் 26

அன்பு மருமகளுக்கு,

உண்மையைச் சொன்னால் இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. உனக்கும் அவனுக்கும் எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல் மாத்திரை போட்டியா என்று கேட்டான். பிறகு வைக்காமல், முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டான்.

டீச்சர் கைத்தடியோடு வகுப்புக்கு வருகிறார். நானும் போகிறேன். மற்றவர்கள் நோட்டைத் திருத்துவது போலவே என்னுடையதையும் திருத்துகிறார். வேறு பேச்சு இல்லை.

நேற்று கல் வைக்கும் வேலை. மலையடிவாரத்துக் கதவு வரை போனேன். கதவுக்கு வெளியே நிற்பதற்கு உத்தரவில் தடை இல்லை. மரங்களுக்கு நடுவே ஆட்கள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பள்ளத்திலிருந்து கற்களைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள், "இழு, இழு, விடு" என்று கத்துகிறார்கள். பிறகு ஒரு கல்லைக் கீழே போட்டார்கள். கல் மண்ணில் உட்காரும் சத்தம் வேறு, இறுகின ஜல்லி மேல் உட்காரும் சத்தம் வேறு. இது ஜல்லி மேல் போட்ட சத்தம். நான் இறுக்கிய தளத்தைத் தோண்டாமல் அதன் மேலேயே கல்லை வைக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். முதல் பெருமழையில் வளைவுக்கு உருண்டுவிடும்.

வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த மலையைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? இரண்டாவது கல்லும் விழுந்தது. அதே சத்தம். டீச்சர் சொல்லச் சொல்ல வாயைத் திறக்காமல் எழுதியது ஞாபகம் வந்தது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"தோண்டாம வைக்காதீங்க! அடியில ஜல்லி இருக்கு! உருண்டுடும்!"

மேலிருந்து "யாருய்யா அது?" என்றது ஒரு குரல். "கெழவன்தான். பண்ணுனது போதாதுன்னு மேஸ்திரி வேலை வேற பாக்குறாரு" என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள். பிறகு பெடல் இறங்கி வந்தார். கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒரு தோள் இன்னும் சாய்ந்தே இருக்கிறது.

"எவ்வளவு ஆழம் போட்டிருக்கீங்க?"

"முழங்கை ஆழம்."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும். வளைவுகிட்ட இன்னும் கொஞ்சம் ஆழம்."

"இடிச்சீங்களா?"

"தண்ணி தெளிச்சுத் தெளிச்சு இடிச்சேன். மூணு தடவை."

மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். திரும்பி ஏறிப்போனார்.

அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், மருமகளே.

வைத்த கற்களைப் புரட்டித் தள்ளுவது கேட்டது. பிறகு கடப்பாரை. ஒரு கடப்பாரை, பிறகு இரண்டு, பிறகு இருக்கிற எல்லாமும். ஜல்லியில் இறங்கவே இல்லை அது. டங், டங் என்று எகிறும் சத்தம். அவ்வளவு கெட்டியாக இறுக்கியிருந்தேன். வெயில் சாயும் வரை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். நானும் அங்கேயே நின்றிருந்தேன்.

இப்படிக்கு,
மாமா